கழல மறுக்கும் துரு நட்டு!
வீட்டில் ஷாக் மாற்றுவோர் கவனத்துக்கு

கணியூர், மடத்துக்குளம் பக்கத்தில் பல வீடுகளில் மொபெட்தான் குடும்ப வண்டி. காலையில் பால் கேன். பகலில் உர மூட்டை. மாலையில் மனைவி, குழந்தை!

இத்தனை சுமையையும் தாங்குவது பின்சக்கரத்தின் இரு பக்கமும் உள்ள ஷாக் அப்சார்பர்கள். அவை தளர்ந்தால், பள்ளத்தில் வண்டி "டங், டங்" என்று அடிக்கும். சுமையோடு வளையும்போது ஆடும். ஆளைக் கவிழ்த்தும் விடும்.

புது ஷாக் வாங்கி வந்து வீட்டிலேயே மாட்டலாம். வேலை சின்னதுதான். ஆனால் பழையது கழல வேண்டுமே! சேறும் தண்ணீரும் பட்ட கீழ் நட்டு, துருவில் கல்லாகி இருக்கும். ஸ்பானர் வழுக்கிக் கை கிழிவது இங்கேதான்.

துரு ஏன் இறுக்குகிறது?

இரும்போடு தண்ணீரும் காற்றில் உள்ள பிராணவாயுவும் சேர்ந்தால் துரு உண்டாகும். அந்தத் துரு, தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். நட்டு மரைக்கும் போல்ட்டு மரைக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் உண்டு. அங்கே துரு உப்பினால், ஆப்பு அடித்தது போல் ஆகிவிடும்.

உப்பு பட்டால் துரு வேகமாக ஏறும். பொட்டாஷ் உரமும் ஒரு வகை உப்புதான். வண்டியில் சிந்தினால் அன்றே கழுவி விடுங்கள். சாயப்பட்டறைக்கு உப்பு ஏற்றும் வண்டிகளுக்கும் இதே கதிதான்.

ஜி.டி.நாயுடு கழற்றிய வண்டி

"இதெல்லாம் நமக்கு வருமா?" என்று தயங்க வேண்டாம். கோவை ஜி.டி.நாயுடு எந்தக் கல்லூரியிலும் என்ஜினீயரிங் படித்தவர் அல்ல. வாலிபத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டார். ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். திரும்ப மாட்டினார். அதுதான் அவருக்குப் பள்ளிக்கூடம்!

1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். மடத்துக்குளம் வழியாகச் செல்லும் சாலை அது. கணியூருக்குப் பக்கம்தான்!

கழற்றும் முறை

முதல் நாள் மாலையே தொடங்குங்கள். நடு ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேயுங்கள். துரு இளக்கும் எண்ணெயை மரையில் விடுங்கள். கிடைக்காவிட்டால் டீசல் போதும். பிரேக் டிரம்மில் ஒரு சொட்டும் படக் கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது!

இரவு முழுவதும் ஊறட்டும். அவசரக்காரர்கள்தான் போல்ட்டை முறிக்கிறார்கள்.

காலையில் நட்டைச் சுத்தியலால் சுற்றிலும் லேசாகத் தட்டுங்கள். அதிர்ச்சியில் துரு விரிசல் விடும். எண்ணெய் உள்ளே இறங்கும். ஓப்பன் ஸ்பானர் வேண்டாம். ரிங் ஸ்பானர் நட்டை முழுவதும் கவ்விப் பிடிக்கும். முனை மழுங்காது.

இப்போது ஒரு தந்திரம். முதலில் கொஞ்சம் இறுக்குங்கள்! துருவின் பிடி உடையும். பிறகு கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் திருப்புங்கள். பாதி சுற்று கழற்றி, கால் சுற்று திரும்ப ஏற்றி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றுங்கள்.

அப்படியும் வரவில்லையா? நட்டை ரம்பத்தால் அறுத்து எடுங்கள். புது நட்டு சில ரூபாய்தான். பட்டறையில் காஸ் விளக்கால் சூடு காட்டுவார்கள். வீட்டில் அது கூடவே கூடாது. பக்கத்தில் ரப்பர் புஷ் இருக்கிறது. மேலே பெட்ரோல் டாங்க்!

ஒரு பக்க ஷாக்கை மாற்றி முடித்த பிறகே மறு பக்கத்தைத் தொடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் சக்கரம் தொங்கிவிடும். பழைய ஷாக்கைப் பிரித்துப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். உள்ளே அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங், விடுபட்டால் முகத்தில் பாயும். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

புதியதை மாட்டும்போது போல்ட்டில் கிரீஸ் தடவுங்கள். பழைய நட்டைப் போடாதீர்கள். 2 நாள் ஓட்டிய பின், நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக் கொள்ளுங்கள்.