பிள்ளைப் பருவத்திற்கும் பொறுப்புப் பருவத்திற்கும் இடையே
இளையோர் நாவல்கள் குறித்து ஒரு விளக்கம்

சில மாதங்களுக்கு முன், அஸர் தொழுகை முடிந்து வீடு திரும்பிய வேளையில், நம் மஹல்லாவைச் சேர்ந்த தாய் ஒருவர் கையில் ஒரு நூலுடன் வாசலில் காத்திருந்தார். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகள், அந்நூலுக்குப் பாடநூலின் அட்டையைப் போட்டு மறைத்து வைத்துப் படித்திருக்கிறாள். "ஹஜ்ரத், புள்ள களவா கதைப் புஸ்தகம் படிக்கிறா. இது ஆகுமா, ஆகாதா? ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் அவர்.

அந்நூல் யெஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. 2020ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருதைப் பெற்ற நாவல். படித்துப் பார்த்துச் சொல்கிறோம் என்று கூறி வாங்கி வைத்துக்கொண்டோம். அத்தாய்க்கு நாம் அளித்த விடை சுருக்கமானது. அவ்விடைக்கு நம்மை இட்டுச் சென்ற சிந்தனை சற்று விரிவானது. நம் வீடுகள் பலவற்றிற்கும் அது பயன்படக் கூடும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

இளையோர் நாவல் என்பது யாது?

சிறுவர் கதைகளைக் கடந்துவிட்ட, ஆயினும் பெரியவர்களுக்கான புதினங்களுக்குள் இன்னும் நுழையாத பருவத்தினருக்காக எழுதப்படுவதே இளையோர் நாவல். ஏறத்தாழப் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதிற்குட்பட்டோர் அதன் வாசகர். இளையோரைப் பற்றி எழுதப்படும் நாவல் வேறு, இளையோருக்காக எழுதப்படும் நாவல் வேறு என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும். கவிஞர் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) நம் சமூகத்துச் சிறுமியரின் வாழ்வைப் பேசுகிறது. ஆனால் அது பெரியவர்களுக்கான நூல். இளையோர் நாவலிலோ கதை இளம் பாத்திரத்தின் கண்வழியே விரிகிறது; முடிவெடுக்கும் சுமையும் அப்பாத்திரத்தின் தோளிலேயே ஏற்றப்படுகிறது.

மேலைநாட்டில் இவ்வகை தனித்துறையாக வளர்ந்ததற்கு, எஸ். இ. ஹின்டன் என்னும் அமெரிக்கப் பெண் எழுதி 1967இல் வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்' பெருங்காரணமாயிற்று. பள்ளி மாணவியாக இருந்தபோதே அவர் அதை எழுதினார். ஏழை இளைஞர் குழுவிற்கும் செல்வர் குழுவிற்கும் இடையே நிகழும் பகையை உள்ளவாறே சொன்ன நாவல் அது. வீடு, பள்ளி, நட்பு, வறுமை, வன்முறை ஆகியவற்றை ஒப்பனையின்றிச் சொல்லும் நடப்பியல் கிளை அதன்பின் வேகமாகத் தழைத்தது.

மற்றொரு கிளை, பழைய தேவதைக் கதைகளைப் புதிதாகச் சொல்வது. கதையின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, மூலக்கதை விடையளிக்காமல் விட்ட வினா ஒன்றை எழுத்தாளர் எடுத்துக்கொள்வார். சிண்டரெல்லா ஏன் எல்லாக் கொடுமைக்கும் பணிந்துபோனாள்? கெயில் கார்சன் லெவின் 1997இல் எழுதிய 'எல்லா என்சான்டட்' இதற்கு விடை தேடுகிறது. யார் கட்டளையிட்டாலும் கீழ்ப்படிந்தே தீர வேண்டும் என்னும் மந்திரத்தால் கட்டுண்ட பெண்ணாக அவளைப் படைத்து, அக்கட்டை அவள் தானே உடைப்பதைச் சொல்கிறது. நம் 'அல்ஃப் லைலா வலைலா'வையும் இக்கிளை விட்டுவைக்கவில்லை. ரெனே அஹ்தியே எழுதிய 'தி ராத் அண்ட் தி டான்' (2015), ஷஹ்ரஸாதைத் தன் தோழியின் மரணத்திற்குப் பழிவாங்கவே அரசனை மணக்க முன்வரும் பதினாறு வயதுப் பெண்ணாக்குகிறது.

நமக்குப் புதியதன்று

இவற்றை மேலைநாட்டுச் சரக்கு என்று ஒதுக்கிவிட நினைப்போர் அரபு இலக்கிய வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். இந்தியாவின் பஞ்சதந்திரக் கதைகள் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்தின் பஹ்லவி மொழிக்குச் சென்றன. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அவற்றை 'கலீலா வதிம்னா' என அரபில் வடித்தார். மூலத்தில் இல்லாத பகுதிகளும் அவர் கையில் சேர்ந்தன. பழங்கதையைப் புதுக்காலத்திற்குத் திருப்பிச் சொல்லுதல் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு துஃபைலின் 'ஹய் இப்னு யக்ழான்' இன்னும் நெருக்கமான சான்று. மனிதரற்ற தீவில் மான் ஒன்றின் பாலுண்டு வளரும் குழந்தை, வளர வளரத் தன் வினாக்களைத் தானே எழுப்பி, கண்டும் ஆராய்ந்தும் படைத்தவனை அறிவதுவரை உயர்கிறது. தாயாகிய மான் இறந்தபோது, அதன் உடலை விட்டுப் போனது எது என்று அப்பிள்ளை தேடும் பகுதி, எந்த வயதினரையும் உலுக்கக் கூடியது. இந்நூல் 1671இல் எட்வர்ட் போக்காக் என்பாரால் இலத்தீனில் வெளியிடப்பட்டு, ஐரோப்பிய அறிஞரிடையே பரவிற்று.

தமிழிலும் முன்னோடி உண்டு. இலங்கைக் கண்டியின் அறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' தமிழின் முதல் நாவல்களுள் ஒன்று. எகிப்தில் பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளரும் இளைஞன் ஒருவனே அதன் நாயகன். தன்னை யாரென்று தேடும் பிள்ளையின் கதையோடுதான் நம்மவர் நாவல் உலகிற்குள் காலடி வைத்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

இன்றைய தமிழில்

மேலே கூறிய இரு கிளைகளையும் ஒரே எழுத்தாளரிடம் காண விரும்புவோர் இரா. நடராசனைப் படிக்கலாம். விக்கிரமாதித்தனும் வேதாளமும் என்னும் பழைய சட்டகத்திற்குள் அறிவியலை வைத்து அவர் எழுதிய 'விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள்' 2014இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. அதற்கு முன்பே அவர் எழுதிய 'ஆயிஷா' என்னும் சிறுநூல் நடப்பியல் வகையைச் சேர்ந்தது. அறிவியலில் தீராத ஆர்வம் கொண்ட பள்ளி மாணவி ஆயிஷா, வினாக்கள் கேட்பதற்காகவே ஆசிரியர்களிடம் அடி வாங்குகிறாள். அடி வலிக்காமல் இருக்க ஒரு மருந்தைத் தேடி, அதைத் தன் உடலிலேயே சோதித்து, உயிரை இழக்கிறாள். மாணவரும் ஆசிரியரும் பெருமளவில் படித்த தமிழ்க் கதைகளுள் இது ஒன்று.

நம் வைகைக் கரைக்கே வந்த நாவலும் உண்டு. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' இளையோர் நாவல் என்றே அழைக்கப்படுவது. 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. மதுரைக்குத் தென்கிழக்கே, சிவகங்கை மாவட்டத்து எல்லைக்குள் அமைந்த கீழடியே அதன் களம். 2015இல் அகழாய்வு தொடங்கிய அம்மண்ணில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் என்னும் பெயர் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருந்தது. அப்பெயருக்கு நாவலாசிரியர் உடலும் குரலும் கொடுத்து, இக்காலச் சிறுவனைப் பண்டைக் காலத்துச் சிறுவனோடு சந்திக்க வைக்கிறார்.

அத்தாய் கொண்டுவந்த நாவல் இரு கிளைகளையும் ஒன்றாகப் பின்னுகிறது. அதில் மரப்பாச்சி பேசுகிறது. அது தேவதைக் கதையின் மரபு. ஆனால் அது பேசும் செய்தி, சிறார்மீது பெரியவர் நிகழ்த்தும் பாலியல் அத்துமீறல். வாய்விட்டுச் சொல்ல இயலாத ஒன்றை எவ்வாறு இனங்காண்பது, யாரிடம் சொல்வது என்பதை, அச்சுறுத்தாமலும் நாணம் கெடாமலும் அப்பொம்மை கற்பிக்கிறது.

ஃபிக்ஹு காட்டும் இடைவெளி

நம் சட்டக் கலை மனிதப் பருவங்களை நுட்பமாகப் பகுத்துள்ளது. நன்மை தீமையைப் பிரித்தறியும் சிறுவர் 'முமய்யிஸ்', பருவமெய்தும் தறுவாயில் இருப்போர் 'முராஹிக்', பருவமெய்தியோர் 'பாலிஃக்'. இத்துடன் முடிந்துவிடவில்லை. தன் காரியத்தைத் தானே நடத்தும் பக்குவம் 'ருஷ்து' எனத் தனியே வைக்கப்பட்டுள்ளது. அநாதைகளின் சொத்தை ஒப்படைப்பது பற்றிய திருவசனம் (4:6), அவர்கள் மணப்பருவத்தை அடையும்வரை அவர்களைச் சோதித்து வருமாறும், பக்குவத்தைக் கண்டபின் பொருளை ஒப்படைக்குமாறும் பணிக்கிறது. பக்குவம் வராதவரின் பொருளை இருபத்தைந்து வயதுவரை நிறுத்தி வைக்கலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து.

ஆக, உடல் முதிர்வதற்கும் அறிவு முதிர்வதற்கும் இடையே காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில் பிள்ளைக்குத் தேவை சோதனையும் பயிற்சியும். இளையோர் நாவல் குடியிருப்பது சரியாக இந்த இடைவெளியில்தான். தோழி துரோகம் செய்தால், தந்தை வேலை இழந்தால், நம்பிய பெரியவர் தகாத முறையில் நடந்தால் என்ன செய்வது? இவற்றை வாழ்விலேயே முதன்முதலாகச் சந்திப்பதினும், கதையில் ஒருமுறை சந்தித்துவிட்டுச் செல்வது இழப்புக் குறைந்த சோதனை. நம் வீடுகளில் பத்து வயதுவரை நபிமார் வரலாறும் நீதிக்கதையும் உண்டு. இருபதுக்குமேல் இல்லற ஒழுக்க நூல்கள் உண்டு. இடையிலுள்ள பத்தாண்டுகளுக்கான அலமாரி வெறுமையாகக் கிடக்கிறது. அவ்வெறுமையைக் கைப்பேசி நிரப்பிக்கொண்டிருக்கிறது.

எல்லா இளையோர் நாவலும் ஏற்கத்தக்கது என்று நாம் கூறவில்லை. காமத்தைக் காதலென்றும், முரட்டுத்தனத்தை வீரமென்றும் விற்பவை மலிந்துள்ளன. தேர்ந்தெடுக்க மூன்று வினாக்கள் போதும். கதையில் செயலுக்கு விளைவு உண்டா? பாத்திரம் துன்பத்தில் கிடக்கும்போது கதை அதை வேடிக்கையாக்குகிறதா, கைகொடுக்கிறதா? படித்து முடித்தபின் பிள்ளை நம்மிடம் பேச வருமா, நம்மிடமிருந்து ஒளியுமா? மூன்றாம் வினாவின் விடை நூலை மட்டும் பொறுத்ததன்று, நம்மையும் பொறுத்தது.

வினாக்களின் ஊர்

தமிழில் முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமிய இலக்கியங்களுள் பழமையானதாகிய 'ஆயிரம் மசலா', வண்ணப்பரிமளப் புலவரால் இயற்றப்பட்டு 1572இல் இம்மதுரையில்தான் அரங்கேறிற்று. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் வினவ, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்வதே அதன் அமைப்பு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தமக்கு விளங்காத எதையும் நபியவர்களிடம் திரும்பக் கேட்டு அறிந்தவர்கள். மார்க்கத்தைக் கேட்டறிய நாணம் தடையாகாத அன்சாரிப் பெண்களைப் போற்றியவர்கள். அப்பெயரைத் தாங்கிய ஒரு மாணவி வினாக்கள் கேட்டதற்காக அடிபட்டு மடிந்தாள் என்பது கதையாக இருக்கலாம். அக்கதை நம்மை நோக்கித் தொடுக்கும் வினா கதையன்று.

மறுநாள் அத்தாய் வந்தபோது, "ஆகும்" என்றோம். முதலில் தாங்களே அந்நூலைப் படியுங்கள், பின்னர் மகளிடம் கொடுத்து, ஏன் ஒளித்துப் படித்தாய் என்று அதட்டாமல் கேளுங்கள் என்றும் சொன்னோம். ஒரு வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். தம் மகளுடன் பயிலும் பெண்ணொருத்தியின் துயரம் பற்றிப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேச வேண்டியிருக்கிறது, துணைக்கு ஒருவர் வேண்டும் என்றார். நம் வீட்டாரை அனுப்பிவைத்தோம்.

மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறக்கப்பட்டது முதல், அதன் சிறுவர் பிரிவிற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரைக் காண்கிறோம். நம் மத்ரஸாக்களும் பள்ளிவாசல் நூலகங்களும் ஒரு தட்டையேனும் இவ்வயதினருக்கென ஒதுக்க வேண்டும். நம் பிள்ளைகளின் வீடும் தெருவும் நோன்பும் பெருநாளும் இயல்பாக இடம்பெறும் நாவல்களை நம்மவர் எழுத முன்வர வேண்டும். ஆயிரம் வினாக்களை அரங்கேற்றிக் கேட்ட ஊருக்கு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் ஒரு வினாவைக் கேட்கும் பொறுமை இல்லாமற் போகலாகாது.