கொய்யாவின் உயிர்ச்சத்தும் பரம்பரைக் குணமும்

அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டை தோன்றியபின் அவ்வட்டாரத்தில் விளைநிலங்கள் குறைந்துவிட்டன. சுற்றுப்புற ஊர்களில் எஞ்சிய தோட்டங்களுக்கும் வீட்டுக் கொல்லைகளுக்கும் உகந்த மரம் கொய்யா என்போம். 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் 'சி' வைட்டமின் உண்டு. ஆரஞ்சில் உள்ளதைப்போல் இது பன்மடங்காகும்.

ஆயினும் எல்லா மரங்களும் ஒரே தன்மையன அல்ல. வெயிலும் பழத்தின் முதிர்ச்சியும் சத்தின் அளவை ஓரளவு மாற்றும். அதன் அடிப்படையோ மரபணுக்களில் அமைந்துள்ளது. விதையில் இரு மரங்களின் குணங்கள் கலக்கக்கூடும். ஆகவே சிவப்புக் கொய்யாவின் விதையில் வெள்ளைக் கொய்யா பிறப்பதும் உண்டு. பதியனோ தாய்மரத்தின் குணத்தை அப்படியே பெறும். புனேயில் 1927-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 'லக்னோ 49' இரகம் இவ்வாறே நாடெங்கும் பரவியது.

எனவே பள்ளித் தோட்டத்திற்குக் கன்று வாங்கும் ஊராட்சி உறுப்பினர்கள், அது விதைக்கன்றா, பதியனா என்று கேட்டறிதல் வேண்டும். தவறு காய்க்கும்போதுதான் தெரியும். அதற்குள் ஆண்டுகள் கழிந்துவிடும்.