டேங்கின் அடியில் தண்ணீர்

வாளையாறு வழியாகப் பாலக்காடு செல்லும் சாலையோரம் பஞ்சர் கடைகள் உண்டு. அங்கே கம்ப்ரசர் ஓடும் சத்தம் கேட்கும். கஞ்சிக்கோடு தொழிற்சாலைகளில் இதே இயந்திரம் பெரிய அளவில் இருக்கிறது. தெற்கே இடுக்கி மலையில், குமுளி போன்ற எல்லை ஊர்களிலும் லாரி டயருக்கு இதுதான் காற்றுக் கொடுக்கிறது.

கம்ப்ரசர் என்ன செய்கிறது? வெளிக்காற்றை இழுக்கிறது. பிஸ்டன் அதை அழுத்தி டேங்குக்குள் அனுப்புகிறது. மீட்டர் முள் 7 கிலோ காட்டுகிறதா? அப்படியானால் எட்டு டேங்க் காற்று ஒரே டேங்கில் அடைபட்டிருக்கிறது. விரல் நகம் அளவு இடத்தை 7 கிலோ எடை உள்ளிருந்து தள்ளுகிறது. டேங்கின் பக்க மூடி 40 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூடியை மட்டும் சுமார் 8,800 கிலோ தள்ளுகிறது. ஒரு லாரிச் சுமை! மோட்டாரை நிறுத்தினாலும் இந்தப் பளு உள்ளேயேதான் இருக்கும்.

தகடு உறுதியாக இருந்தால் தாங்கும். ஆனால் தகட்டைத் தண்ணீர் அரிக்கிறது. டேங்குக்குள் தண்ணீர் எப்படி வந்தது? யாரும் ஊற்றவில்லை. காற்றில் ஈரம் இருக்கிறது. அழுத்திய காற்று ஆறும்போது அந்த ஈரம் தண்ணீராகப் பிரிந்து அடியில் தங்குகிறது. ஜூன் மாதம் பருவமழை தொடங்கினால் இடுக்கியில் கொடியில் போட்ட துணிகூடக் காயாது. அந்த ஈரக் காற்றைத்தான் கம்ப்ரசரும் இழுக்கிறது. அதனால் மழைக்காலத்தில் தண்ணீர் அதிகம் சேரும்.

தண்ணீர் தங்கினால் துரு பிடிக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே தகடு மெலிந்துகொண்டே வரும். ஒரு நாள் டேங்க் வெடிக்கும்.

டேங்கின் அடியில் சிறிய வால்வு ஒன்று உண்டு. தினமும் வேலை முடிந்ததும் மோட்டாரை நிறுத்துங்கள். கொஞ்சம் காற்று உள்ளே இருக்கும்போதே வால்வை மெல்லத் திறங்கள். பழுப்புத் தண்ணீர் பீய்ச்சி வரும். முகத்தை அருகில் கொண்டுபோக வேண்டாம். வெறும் காற்று வந்ததும் மூடிவிடலாம். இரண்டு நிமிட வேலை.

டேங்க் ஒழுகினால் சிலர் வெல்டிங் வைத்து ஓட்டுகிறார்கள். அது ஆபத்து. ஓட்டையைச் சுற்றிலும் தகடு மெலிந்திருக்கும். டேங்கை மாற்றத்தான் வேண்டும். செலவுதான், வேறு வழியில்லை. காற்று அளவுக்கு மீறினால் சேஃப்டி வால்வு தானாகத் திறக்கும். அதைக் கம்பியால் கட்டுவதும் முறுக்கி இறுக்குவதும் கூடாது.

பழுது பார்க்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஃபியூஸையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். காற்று குறைந்தால் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். பெல்ட்டில் விரல் சிக்கும். மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகே நட்டைத் தொட வேண்டும்.

கம்ப்ரசர் காற்றால் சட்டைத் தூசியை ஊதுவதும் தவறு. தூசி கண்ணைக் குத்தும். காற்று தோலுக்குள் புகும். விளையாட்டாக உடலில் காற்றடித்து உயிர் போனதும் உண்டு.

2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 31ஆம் பிரிவு இத்தகைய அழுத்த இயந்திரங்களைப் பற்றியதாக இருந்தது. பாதுகாப்பான அளவுக்கு மேல் அழுத்தம் ஏறக் கூடாது என்றது. ஒருவர், இருவர் வேலை செய்யும் பஞ்சர் கடைக்குப் பொதுவாக அந்தச் சட்டம் எட்டவில்லை. ஆனாலும் கடைக்காரர் தம் டேங்கைத் தெரிந்த பட்டறையில் சோதிக்கச் சொல்லலாம். டேங்க் நிறையத் தண்ணீர் நிரப்பி, பம்பு வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். காற்றை வைத்துச் சோதிக்க மாட்டார்கள். தண்ணீர் காற்றைப் போல அழுந்தாது. அதனால் தகடு கிழிந்தாலும் வெடிக்காமல் ஒழுகி நின்றுவிடும்.