டில்லியில் ஓர் ஆள், மூன்று பெயர்

ஷ்ஷ்! சத்தம் போடாமல் வாருங்கள். திரைக்குப் பின்னால் போகிறோம்.

அறுபதுகளின் டில்லி. சிவில் ஏவியேஷன் துறையில் ஓர் இளம் அதிகாரி. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். ஆபீஸ் ஃபைலில் எஸ். ரங்கராஜன். வீட்டுக்கு வந்தால் கொலை செய்வார். பயப்படாதீர்கள், காகிதத்தில்தான்!

கொலை என்றால் மாற்றுப் பெயர் வேண்டாமா? இவருக்கு அது வந்த விதமே ஒரு கூத்து. கதை அனுப்பியது குமுதத்துக்கு. அங்கேயோ ஏற்கெனவே ஒரு ரங்கராஜன், ரா.கி. ரங்கராஜன், உட்கார்ந்திருக்கிறார். குழப்பம் எதற்கு என்று நம்மவர் மனைவியின் பெயரைக் கேட்டு (கேட்டிருப்பார் என்று நம்புவோம்) மாட்டிக்கொண்டார்: சுஜாதா. அதைப் பார்த்து, எழுதுவது ஒரு பெண் என்றே நம்பிய வாசகர்களும் உண்டு.

இதில் பெரிய வேடிக்கை, அந்த ரா.கி.யே பெயர் மாற்றுவதில் மன்னன். சூர்யா, ஹம்சா, கிருஷ்ணகுமார், மாலதி, வினோத்... இன்னும் இருக்கிறது, மூச்சு வாங்குகிறது. ஒரு ரங்கராஜனுக்கு அரை டஜனுக்கு மேல் பெயர். இன்னொருவருக்குச் சொந்தப் பெயரே இல்லை!

மனைவி பெயரைச் சுட்டவர் டில்லியில் இவர் ஒருவர்தான் என்று நினைத்தீர்களா? டெல்லி பல்கலைக்கழகத்தில் தமிழ் நடத்திய ஆர். பார்த்தசாரதியும் அப்படியே. இந்திரா பார்த்தசாரதியில் உள்ள இந்திரா அவர் மனைவி. அந்த ஊர்க் குளிரில் ஏதோ இருந்திருக்கிறது.

இனிதான் ரகசிய அறை. 1965இல் கி. கஸ்தூரிரங்கன், நியூயார்க் டைம்ஸுக்கு டில்லியிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர், கணையாழி என்ற இலக்கிய இதழை அங்கேயே தொடங்கினார். அதன் கடைசிப் பக்கத்தில் ஒருவர் இலக்கியம், சினிமா, ஊர் வம்பு என்று எல்லாவற்றையும் குத்திக் கிழித்தார். கையெழுத்து: ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். ஆமாம், அதே ஆள்! 1968இல் குமுதம் தொடர்கதையில் வாசகரை 'நைலான் கயிறு' போட்டு இழுத்த கைதான், கணையாழியின் சீரியஸ் ஆசாமிகளோடும் மல்லுக்கு நின்றது. லட்சக்கணக்கில் விற்ற பத்திரிகைக்கு ஒரு பெயர், சிறுபத்திரிகைக்கு ஒரு பெயர். என்னைக் கேட்டால், கடைசிப் பக்க ரங்கராஜன்தான் அதிக ஆபத்தானவர். கதையில் கொல்லப்பட்டவர்கள் யாரும் கடிதம் எழுதிச் சண்டைக்கு வர மாட்டார்களே.

சுஜாதாவின் கதைகளில் துப்பறியும் வக்கீல் கணேஷைப் பற்றியும் காதோடு ஒன்று. பலருக்கு அவர் மெட்ராஸ் தம்புச் செட்டித் தெரு ஆள். ஆனால் 'அனிதா - இளம் மனைவி' நாவலைப் புரட்டினால் ஐயா டில்லியில் வக்கீல்! அவருடைய ஜூனியர் வசந்த் என்கிற வாயாடி அப்போது இல்லவே இல்லை. படைத்தவர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸுக்கு மாறினார். கணேஷ் மெட்ராஸுக்கு மூட்டை கட்டினார். பிறகுதான் வசந்த் வந்து ஒட்டிக்கொண்டான். 1978இல் சுஜாதாவின் 'ப்ரியா' கதை படமானபோது கணேஷாக வந்தவர் ரஜினி!

பரணில் பழைய கணையாழிக் கட்டு இருந்தால் தூசி தட்டி இறக்குங்கள். பின்பக்கத்திலிருந்து புரட்டுங்கள். எஸ்.ஆர். அங்கேதான் ஒளிந்திருக்கிறார்.