நார்னியாவைத் தமிழில் படக்கதையாகப் போடலாமா? யாரிடம் அனுமதி கேட்கணும்? காப்புரிமைச் சட்டம் சொல்வது என்ன?

ஹாலிவுட் இயக்குநர் கிரெட்டா கெர்விக் 'நார்னியா' வரிசையில் ஒரு கதையைக் கையில் எடுத்திருப்பதால், பீரோவுக்குள் இருக்கும் பனிக்காடும் பேசும் சிங்கமும் மறுபடி பேச்சுக்கு வந்திருக்கின்றன. ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. நார்னியாவின் 7 புத்தகங்களுக்கும் இந்தியாவில் இருந்த காப்புரிமை 2023 டிசம்பர் 31-ம் தேதியோடு முடிந்துவிட்டது.

அதாவது, ஆவடியில் ஒரு டீச்சரோ, அம்பத்தூரில் சின்ன அளவில் பதிப்பகம் நடத்துபவரோ நார்னியா கதையைத் தமிழில் சுருக்கி, படம் வரைந்து, குழந்தைகளுக்குப் புத்தகமாகப் போடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ராயல்டி கட்ட வேண்டாம். ஆனா, சில இடங்களில் பார்த்துத்தான் கால் வைக்கணும்.

60 வருஷக் கணக்கு

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, ஓர் எழுத்தாளர் உயிரோடு இருக்கும்போது வெளியான புத்தகத்துக்கு அவருடைய வாழ்நாளும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. இறந்த தேதியிலிருந்து எண்ணக்கூடாது. அடுத்த ஜனவரி 1-லிருந்து எண்ணணும். நார்னியாவை எழுதிய சி.எஸ். லூயிஸ் இறந்தது 1963 நவம்பர் 22. (அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டதும் அதே நாள்தான். அதனால் லூயிஸின் மரணச் செய்தி பெரிதாகக் கவனிக்கப்படாமல் போனது.) 1964-லிருந்து எண்ணினால் 2023-ல் கணக்கு முடிகிறது.

முதலில் இது 50 ஆண்டாகத்தான் இருந்தது. 1941-ல் மறைந்த தாகூரின் எழுத்துகள் 1991-ம் ஆண்டு முடிவில் பொதுவுடைமையாக இருந்த நேரத்தில்தான், சட்டத்தைத் திருத்தி 60 ஆக்கினார்கள்.

சுருக்கி எழுதினாலும் அனுமதி வேணுமா?

காப்புரிமை இருக்கும் புத்தகம் என்றால், வேணும். "முழுசா போடலையே, சுருக்கித்தானே போடுறோம், படமாத்தானே போடுறோம்" என்ற வாதம் எடுபடாது. சட்டத்தில் 'தழுவல்' என்பதற்கான விளக்கத்திலேயே, கதையைச் சுருக்குவதும், முழுக்கவோ பெரும்பாலுமோ படங்கள் வழியாகச் சொல்வதும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சித்திரக்கதை என்று பெயர் சொல்லாத குறைதான்! மொழிபெயர்ப்புக்கும் அப்படியே.

கதை ஃப்ரீ, படம் ஃப்ரீ இல்லை

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் இதுதான். நார்னியா புத்தகங்களில் வரும் அழகான கோட்டோவியங்களை வரைந்தவர் பாலின் பெய்ன்ஸ். அவர் இறந்தது 2008-ல். ஆகவே அந்த ஓவியங்களுக்கு இந்தியாவில் 2068 முடியும் வரை காப்புரிமை உண்டு. 2005-ல் வந்த நார்னியா படத்தின் காட்சிகளைப் பார்த்து அப்படியே வரையலாமா? அதுவும் கூடாது. சினிமாவுக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டு. 2065 முடிய வேண்டும். கூகுளில் தேடி, முதலில் வரும் சிங்கத்தை டிடிபி கடையில் கொடுத்து அட்டைப்படம் ஆக்கினால் சிக்கல்தான்.

இன்னும் நல்ல உதாரணம் 'ஜங்கிள் புக்'. கிப்ளிங் 1936-லேயே இறந்துவிட்டார். கதை எல்லோருக்கும் பொது. ஆனால் நம் மனதில் பதிந்திருப்பது 1967-ல் வந்த டிஸ்னி கார்ட்டூன். அதில் பாட்டுப் பாடும் குரங்கு ராஜா லூயி, கிப்ளிங் எழுத்தில் கிடையவே கிடையாது. அவர் கதையில் குரங்குகளுக்கு ராஜாவே இல்லை. மலைப்பாம்பு கா, படத்தில் வில்லன். புத்தகத்தில் மோக்லியைக் காப்பாற்றும் நண்பன். மூலத்தைப் படிக்காமல் படத்தைப் பார்த்துவிட்டுக் கதை எழுதினால், தெரியாமலேயே டிஸ்னியின் சரக்கை எடுத்துவிடுவீர்கள்.

நம்மூரிலும் இதே கதைதான். விக்கிரமாதித்தன் வேதாளத்தைச் சுமக்கும் கதை நூற்றாண்டுகள் பழசு, யாரும் சொல்லலாம். ஆனால் கையில் வாளும் தோளில் பிணமுமாக ராஜா நடந்துவரும் அந்த 'அம்புலிமாமா' ஓவியம், 2020-ல் மறைந்த ஓவியர் சங்கருடையது. அதை எடுத்துப் போட முடியாது.

தமிழில் ஏற்கனவே வந்திருந்தால்?

மொழிபெயர்ப்புக்குத் தனிக் காப்புரிமை உண்டு. லூயிஸ் கரோலின் 'ஆலிஸ்' 1865-ல் வந்த புத்தகம், மூலம் பொதுவுடைமை. ஆனால் எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன் செய்த தமிழாக்கம் அவருடையது. அதிலிருந்து வரிகளை எடுத்துச் சுருக்கினால் தப்பு. ஆங்கில மூலத்திலிருந்து நீங்களே எழுத வேண்டும்.

எப்படிச் சுருக்குவது என்பதற்கு கரோலே வழிகாட்டி. 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக 1890-ல் அவரே 'நர்சரி ஆலிஸ்' என்று ஒரு புத்தகம் போட்டார். டென்னியல் வரைந்த 42 படங்களில் 20-ஐ மட்டும் பெரிதாக்கி, வண்ணம் கொடுத்து, "இந்தப் படத்தைப் பாரேன்" என்று குழந்தையிடம் பேசுகிற மாதிரி எழுதினார். கதைச்சுருக்கம் எழுதி நடுவில் நாலு படம் சொருகும் நம் வழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல்.

நார்னியாவைத் தமிழுக்குக் கொண்டுவருபவருக்கு நல்ல வாய்ப்பு ஒன்று காத்திருக்கிறது. சூனியக்காரி சிறுவன் எட்மண்டை மயக்குவது 'டர்க்கிஷ் டிலைட்' என்ற இனிப்பைக் கொடுத்து. பூந்தமல்லியில் இருக்கும் குழந்தைக்கு அது என்னவென்றே தெரியாது. அல்வா என்று மாற்றினால் போதும். தமிழில் அல்வா கொடுப்பது என்றாலே ஏமாற்றுவதுதானே!

ஸ்கூல்ல போடலாமா?

வகுப்பில் பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பிலிருந்து நகல் எடுப்பதற்கு சட்டத்தில் விலக்கு இருக்கு. ஆண்டு விழா நாடகத்துக்கும் இருக்கு. நடிப்பவர்கள் மாணவர்களும் ஆசிரியர்களும், பார்ப்பவர்கள் அவர்களும் பெற்றோரும், பள்ளியோடு தொடர்புடையவர்களும் மட்டும் என்றால் பிரச்னை இல்லை. அதே நாடகத்தை மண்டபம் பிடித்து டிக்கெட் போட்டு ஊருக்கே காட்டினால், இல்லை வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றினால், இந்த விலக்கு கைகொடுக்காது.

வெளிநாட்டுக்கு அனுப்பினால்?

சென்னை புத்தகக் காட்சியில் விற்கலாம். ஆனால் லண்டன் தமிழர்களுக்கு அனுப்ப முடியாது. பிரிட்டனில் 70 ஆண்டுக் கணக்கு, 2033 முடியணும். இலங்கையிலும் 70தான். அமெரிக்காவில் கணக்கே வேறு: 1950-ல் வந்த முதல் நார்னியா புத்தகத்துக்கு 95 ஆண்டு, அதாவது 2045 முடிய. கனடாவில் மட்டும் பழைய 50 ஆண்டு விதிப்படி லூயிஸ் எப்போதோ பொதுவாகிவிட்டார். அதனால் இ-புக்காகப் போடுபவர்கள், எந்தெந்த நாட்டில் விற்பனை என்ற இடத்தில் 'உலகம் முழுக்க' என்று டிக் அடித்துவிடக் கூடாது. தலைப்பில் வரும் பெயருக்கு டிரேட்மார்க் பதிவு இருக்கா என்பதையும் அச்சுக்குப் போகும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அது காப்புரிமையோடு முடிகிற சமாச்சாரம் இல்லை.

அடுத்து யார்?

'ஹாபிட்' எழுதிய டோல்கீன் இறந்தது 1973-ல். இந்தியாவில் 2034 ஜனவரி 1 வரை காத்திருக்கணும். 'சார்லியும் சாக்லேட் ஃபேக்டரியும்' தந்த ரோல்டு டால் 1990-ல் இறந்தார், 2051-ல் பார்க்கலாம். ஹாரி பாட்டர்? ஜே.கே. ரவுலிங் நன்றாக இருக்கிறார். இப்போதைக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.