ஒட்டவும் வேண்டும், விடவும் வேண்டும்

கடற்கரையில் மீனவர்கள் 'ஃபைபர் போட்' என்று சொல்லும் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கரைகளில் இவை மிகவும் பெருகின. கண்ணாடியிழைப் பாயைப் பாலியெஸ்டர் பிசினில் நனைத்து, அச்சுக்குள் அடுக்கடுக்காகப் படியவைத்து இவற்றைச் செய்கிறார்கள். அந்த அச்சுக்கும் ஒரு தாய் உண்டு. முதலில் படகின் மூல மாதிரியை மரத்தில் செய்து, அதன்மேல் பிசினையும் இழையையும் பூசித்தான் அச்சை எடுக்க வேண்டும். பிசின் இழையை இறுகப் பற்ற வேண்டும். ஆனால் மாதிரியை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் இரண்டையும் உடைக்க வேண்டியதுதான். பல வார உழைப்பு வீணாகும்.

மரத்தின் நுண்துளைகளில் பிசின் புகுந்து இறுகினால் அது ஆணி அடித்ததற்குச் சமம். ஆகவே மாதிரியைப் பட்டி பூசித் தேய்த்து, மேற்பூச்சால் துளைகளை அடைத்துவிடுகிறார்கள். இது எளிய வேலை. மூலக்கூறுகளுக்கிடையே உள்ள கவர்ச்சியைத் தடுப்பதுதான் நுட்பமானது. பரப்பு ஆற்றல் மிகுந்த பொருளின்மேல் திரவம் நன்கு பரவி ஒட்டும்; மெழுகின் பரப்பு ஆற்றல் குறைவு. தாமரை இலையில் நீர் உருண்டோடுவதற்கும் இலையின் மேலுள்ள மெழுகு ஒரு காரணம் அல்லவா?

ஆனால் எந்த மெழுகும் உதவாது. பிசின் இறுகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. மெழுகுவத்தியின் பாரஃபின் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். பிரேசில் நாட்டுப் பனையினம் ஒன்றின் ஓலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகோ 80 பாகையைத் தாண்டித்தான் உருகும். இதைப் பல முறை பூசித் துடைத்து, அதன்மேல் பாலிவினைல் ஆல்ககால் கரைசலைத் தெளித்து உலரவிடுகிறார்கள். இட்டலித் தட்டில் விரிக்கும் துணியைப்போல, மெல்லிய படலம் ஒன்று இடையில் நிற்கும்.

இத்தனைக்கும் பிறகு மாதிரி வர மறுப்பதுண்டு. இழை சேராத பாலியெஸ்டர் பிசின் இறுகும்போது பருமனில் 5 முதல் 8 விழுக்காடு சுருங்கும். இழை சேர்ந்தால் சுருக்கம் குறையும், என்றாலும் மறையாது. மாதிரியின் வெளிப்புறத்தில் பூசிய அச்சு சுருங்கி அதை இறுக்கிப் பிடிக்கிறது. பின்னர் அச்சின் உட்புறத்தில் செய்யும் படகோ சுருங்குகையில் அச்சிலிருந்து விலகவே பார்க்கும். தலைப்பிரசவம்தான் கடினம்! அதனால்தான் பக்கச் சுவர்களுக்கு இரண்டு மூன்று பாகையாவது சாய்வு கொடுக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வாளிகளைப் பாருங்கள். வாய் அகன்று அடி குறுகியிருப்பதால், சிறிது நகர்ந்ததுமே சுவர்கள் முழுவதும் ஒன்றையொன்று விட்டுவிடுகின்றன. செங்குத்தான சுவராயின் கடைசி அங்குலம் வரை உராய்வுதான்.

இன்னொரு பகை நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. இடைவெளியில் காற்றுப் புகாவிட்டால், ஒவ்வொரு சதுர மீட்டரின்மேலும் வளிமண்டலம் ஏறத்தாழ 10 டன் எடைக்குச் சமமாக அழுத்துகிறது. ஆட்களைச் சேர்த்து இழுப்பது இங்கே பெரும்பாலும் வீண் முயற்சி. விளிம்பில் மென்மையான பிளாஸ்டிக் ஆப்பைச் செருகி, காற்றை உள்ளே விடுவதே அறிவுடைமை. இரும்பு உளி பரப்பைக் கீறிவிடும். சிலர் மாதிரியில் முன்பே ஒரு சிறு துளையிட்டு நாடாவால் மூடிவைத்து, பின்னர் அதன் வழியே காற்றைச் செலுத்துவர்.

காற்றுக்குப் பதில் தண்ணீரையும் விளிம்பில் ஊற்றலாம். அது இடைவெளியில் பரவிக்கொண்டே பாலிவினைல் ஆல்ககால் படலத்தையும் கரைத்துவிடும்.