பூனைக்குட்டியும் வீட்டு நாயும்

புதிய பூனைக்குட்டியை நேராக நாயின் முன்னால் கொண்டுபோய் விடுவீர்களா? தியாகதுருகத்தில் எங்கள் வீட்டில் நான் அதைத்தான் செய்தேன். நாய் குரைத்தது, குட்டி பரண்மேல் ஏறிற்று. மறுநாள் மாலைவரை ஒருவாய்கூட உண்ணவில்லை. பயந்துபோயிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது: நாம் கண்ணால் அறிமுகமாகிறோம், அவை மூக்கால்!

எதையாவது முகர்ந்த பூனை வாயைப் பாதி திறந்தபடி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அருவருப்பு என்று எண்ணிவிடாதீர்கள். அதன் மேல் அண்ணத்தில், முன்பற்களுக்குப் பின்னால், இரு சிறு துளைகள் உண்டு. டென்மார்க் அறிஞர் யாக்கப்சன் 1813-இல் விவரித்த நுகர்ச்சி உறுப்புக்கு அவையே வழி. நாய்க்கும் இவ்வுறுப்பு உண்டு.

ஆகவே குட்டியை முதலில் தனி அறையில் வையுங்கள். மூடிய கதவின் அடியிடுக்கு வழியாகவும் மண மூலக்கூறுகள் காற்றில் பரவிவிடும். இரண்டும் படுத்த சாக்குகளை மாற்றிப் போடுங்கள். முகர்ந்தபின் அமைதியாகத் தின்றால், நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு கதவைச் சற்றே திறக்கலாம். குட்டி ஏறித் தப்ப உயரமான இடம் ஒன்று இருக்கட்டும். இதற்குச் சில நாளும் ஆகும், சில வாரமும் ஆகும். பிறந்த 2 முதல் 7 வாரத்துக்குள் பிற உயிர்களோடு பழகிய குட்டியானால் எளிது.

எங்கள் குட்டி பன்னிரண்டாம் நாள் தானாகவே வெளியே வந்தது. நாய் ஒருமுறை முகர்ந்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.